மாப்பிள்ளை வறுத்த காபி

(மதுரையில் ஒரு மாடி வீடு. ஞாயிறு காலை. சமையலறை முழுக்கப் புகை. மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்.)

மாமியார்: மாப்பிள்ளை, அடுப்பில் எதையோ மறந்துவிட்டீர்களா?

மாப்பிள்ளை: காபிக்கொட்டை வறுக்கிறேன் அத்தை. தாண்டிக்குடி மலையில் பச்சைக்கொட்டையாகவே வாங்கினேன். இதோ கேளுங்கள், படபடவென்று... ஃபர்ஸ்ட் கிராக் வந்துவிட்டது!

மாமியார்: யாருக்கு?

மாப்பிள்ளை: கொட்டைக்கு அத்தை! 200 டிகிரி வாக்கில் உள்ளே இருக்கிற நீராவி தாங்காமல் வெடிக்கும். 225 பக்கம் செகண்ட் கிராக். அதையும் பார்த்துவிடலாம்.

மாமியார்: முதலாவதுக்கே பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

(சற்று நேரத்தில் மாப்பிள்ளை சட்டியைக் கவிழ்த்து, கொட்டையை முறத்தில் பரப்பி டேபிள் ஃபேனைப் போடுகிறார்.)

மாமியார்: ஐயோ, இதென்ன பறக்கிறது?

மாப்பிள்ளை: கொட்டையின் மேல்தோல். உடனே ஆற்றாவிட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் கருகிவிடும். (தராசைப் பார்க்கிறார்) கால் கிலோ போட்டேன், 205 கிராம் இருக்கிறது.

மாமியார்: மிச்சம் 45?

மாப்பிள்ளை: பெரும்பாலும் ஈரம்தான். ஆவியாகிவிட்டது.

மாமியார்: கொஞ்சம் சாமி படத்தில் ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் என் கண்ணில். சரி, ஒரு வாய் கலந்து கொடுங்கள்.

மாப்பிள்ளை: இன்றைக்கா? கரியமில வாயு வெளியேற ஒரு நாளாவது விட வேண்டும்.

மாமியார்: நான் ஊரிலிருந்து வந்ததே இரண்டு நாளைக்குத்தான்.

(மறுநாள் காலை. டவராவில் கன்னங்கரேலென்று டிகாக்ஷன்.)

மாமியார்: பால்? சர்க்கரை?

மாப்பிள்ளை: கூடாது. கொட்டையின் ருசி தெரிய வேண்டுமே.

மாமியார்: நாட்டு வைத்தியர் கஷாயத்துக்கே தேன் கொடுப்பார்.

மாப்பிள்ளை: அப்படிக் குடிக்கக் கூடாது அத்தை. 'சர்ர்ர்'ரென்று உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் வாசனை மூக்குக்கு ஏறும்.

மாமியார்: மாப்பிள்ளைக்கு எதிரே உறிஞ்சவா? (திரும்பி நின்று உறிஞ்சுகிறார்)

மாப்பிள்ளை: அந்த மலையில் காபிக்கு நடுவே ஆரஞ்சு மரமும் வளர்க்கிறார்கள். லேசாக ஆரஞ்சு வாடை தெரிகிறதா?

மாமியார்: தெரிகிறது. அந்த மரத்தை யாரோ கொளுத்தியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை: (முகம் தொங்குகிறது) கருகிவிட்டதா?

மாமியார்: சேச்சே. கொஞ்சம் முந்தி இறக்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் கரி அடுப்பின் மேல் சுழலும் உருளையில் கொட்டையைப் போட்டு வறுப்பார்கள். 12 வயதிலிருந்து கைப்பிடியைச் சுற்றியது நான்தான். அப்பா வாசனையை வைத்தே "போதும், இறக்கு" என்பார்.

மாப்பிள்ளை: இதை நேற்றே சொல்லியிருக்கலாமே அத்தை!

மாமியார்: உங்கள் கையில் கரண்டியைப் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். பச்சைக்கொட்டை மீதி இருக்கிறதா?

மாப்பிள்ளை: இன்னும் கால் கிலோ இருக்கிறது.

மாமியார்: சட்டியை எடுங்கள். அந்த செகண்ட் கிராக் மட்டும் வேண்டாம் மாப்பிள்ளை. குடும்பத்துக்கு ஒன்று போதும்.