கடலுக்கு வித்த இஞ்சினுக்கு உப்புத்தண்ணி ஆகாதாம்

திருகோணமலை கொட்பே வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, பாக்காத ஆக்களுக்குச் சுருக்கமா: இஞ்சின் வாங்கின தம்பி ஒருத்தர் வித்த கடையில வாரண்டி கேக்கிறார். வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத, படகுக்குப் பின்னால பூட்டுற அவுட்போர்ட் இஞ்சின், கியர்பெட்டி இறுகிப்போச்சு. கடைக்காரர் நிதானமாச் சொல்லுறார்: "உப்புத்தண்ணி போயிருக்கு, வாரண்டி இல்ல." அப்ப என்னத்துக்கு வித்தீங்க, கந்தளாய்க் குளத்துல ஓடவா?

கியர்பெட்டி இஞ்சின் ஓடுற நேரமெல்லாம் கடலுக்குள்ள நிக்கிற பகுதி. தண்ணி உள்ள போகாம மறிக்கத்தான் புரொப்பெல்லர் தண்டில ரப்பர் சீல் போட்டிருக்கு. சீல் விட்டா தண்ணி கியர் ஒயிலோட கலந்து பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். பிறகு பெயாரிங் துருப்பிடிக்கும், பல் உடையும். உப்புத்தண்ணி போனது எங்களுக்கும் தெரியும் ஐயா. சீல் ஏன் விட்டது? அதைச் சொல்லுங்க.

அதைப் பாக்கக் கனநேரம் எடுக்காது. கடைக்கு முன்னாலயே புரொப்பெல்லரைக் கழட்டி, தண்டில தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) சுத்தியிருக்கா எண்டு பாக்கணும். தங்கூசி சீலை வெட்டியிருந்தா பிழை எங்கட, வாயை மூடிட்டுக் காசைக் கட்டலாம். இல்லாட்டி சீல் பிழை, இல்ல பூட்டினவன் பிழை. அந்த வீடியோவில யாராவது புரொப்பெல்லரில கை வச்சாங்களா?

"நம்மாக்கள் இஞ்சினைக் கழுவ மாட்டாங்க" எண்டு வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். கரைக்கு வந்து நல்ல தண்ணி ஓடவிடுறது இஞ்சினைக் குளிராக்குற பாதையில உப்புப் படியாம இருக்க. அந்தத் தண்ணி கியர் ஒயில் பக்கமே போகாது. தெரியாட்டி பேசாம இருங்க. முதல் சேவிஸ் செய்தாரா எண்டு இன்னொருத்தர் கேட்டார், அது நியாயம். சேவிஸ் புத்தகத்தில அதே கடையிட முத்திரை இருக்கு, அந்தத் தம்பி வீடியோவிலயே காட்டுறார். இம்பெல்லர் (தண்ணி இழுக்கிற சக்கரம்), பிளக், அனோட் (இஞ்சினுக்குப் பதிலாத் தான் அரிபடுற உலோகத் துண்டு) எல்லாம் தேயுற சாமான், அதுக்கு யாரும் வாரண்டி கேக்கல்ல. "கடைக்காரர் பாவம், கொம்பனிதானே முடிவு எடுக்குது" எண்டவருக்கு: காசை எண்ணி வாங்கினது கொம்பனியா?

இதே கவுண்டரில ஹோட்டல் மனேஜர் வந்தா கதிரை, சோடா. சாரம் கட்டினவன் வந்தா "நீங்க பாவிக்கிற பாவிப்புக்கு..." எண்டு ஒரு இழுப்பு. வாரண்டி அட்டையிட பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில இங்கிலீசு. திருகோணமலையில, தமிழ் ஆக்களுக்கு வித்த இஞ்சினுக்கு!

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 13 ஆம் பிரிவு. குடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை வித்தா முறையிடலாம். அதிகார சபை விசாரிச்சு, மாத்திக் குடு, காசைத் திருப்பு, நட்டஈடு கட்டு எண்டு உத்தரவு போடலாம். ஆனா முறைப்பாடு எழுத்தில, வித்து மூண்டு மாசத்துக்குள்ள போகணும். "கொழும்புக்கு அனுப்பியிருக்கு, அடுத்த கிழமை வாங்க" எண்டு ஏன் இழுக்கிறாங்க எண்டு இப்ப விளங்குதா?

அந்தத் தம்பிக்கு இன்னும் சில கிழமை இருக்கு. அதிகார சபையிட 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சு விசாரிக்கட்டும், ஆனா அதோட நிக்காம கடிதமும் எழுதட்டும். பில் கொப்பி, வாரண்டி அட்டை, சேவிஸ் புத்தகம், இஞ்சின் தகட்டில இருக்கிற இலக்கத்தின்ட படம் எல்லாத்தையும் சேத்து அனுப்பணும். வெளி மெக்கானிக்கிட்டத் திறக்கக் குடுக்காதீங்க, அதையே சாட்டாச் சொல்லுவாங்க. இஞ்சினைக் கடையில விடேக்க நீட்டுற துண்டில "உப்புநீர்ச் சேதம்" எண்டு முன்கூட்டியே எழுதியிருந்தா கையெழுத்து வைக்காதீங்க.