பாய்லர் அறையில் தொடங்க வேண்டிய வேலை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் கார்பன் உமிழ்வைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தாலே, கூரைமேல் சூரியத் தகடுகளையும் வாசலில் நட்ட மரக்கன்றுகளையும்தான் முதலில் காட்டுகிறார்கள். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால், தோல் பதனிடும் ஆலையில் எரிபொருள் கரைவது பாய்லர் அறையில். அதைத் தொடாமல் மற்றவற்றைச் செய்வது படம் எடுத்துப் போட மட்டுமே உதவும்.

தோலுக்குச் சாயமேற்ற வெந்நீர் வேண்டும்; உலர்த்த நீராவி வேண்டும். பல ஆலைகளில் நீராவிக் குழாயின் வெப்பக்காப்பு உறை பிய்ந்து தொங்குகிறது. நீராவியை நிறுத்திவைத்து, குளிர்ந்த நீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப் பழுதாகி, பயன்படாத நீராவி பின்சுவரோரச் சாக்கடையில் புஸ்ஸென்று வெளியேறுகிறது. உலர்த்தும் எந்திரங்களிலிருந்து வடியும் கொதிநீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லர் தொட்டிக்கே திருப்பினால், உள்ளே போகும் தண்ணீரின் வெப்பம் சுமார் 6 டிகிரி உயரும் ஒவ்வொரு படிக்கும் எரிபொருளில் ஏறக்குறைய 1 விழுக்காடு மிச்சமாகும். இதற்குத் தேவை ஒரு குழாயும் ஒரு பம்பும்தான். புகைபோக்கியில் புகையே தெரியவில்லை என்று பெருமைப்படுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: இராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலை தயாரிக்கும் மின்நிலை வடிப்பான்கள் சாம்பல் துகளைப் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவைப் பிடிக்கா.

எந்திரங்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசரையும் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லா எந்திரங்களும் நிற்கையில் அதை மட்டும் ஓட்டிப் பார்த்தால், எத்தனை இணைப்புகளில் காற்று கசிகிறது என்பது காதுக்கே தெரிந்துவிடும். அந்தக் கசிவில் வீணாவது மின்சாரம்; நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது கழிவுநீர். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. பின்னாளில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்கும் ஏற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்தது. சவ்வு வடிகட்டிகளில் எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கித்தான் தீர்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். பல அடுக்கு ஆவியாக்கிகள் அந்த வெப்பத்தை மறுபடி மறுபடி பயன்படுத்தினாலும் செலவு பெரிதுதான். இதைச் சாக்காக வைத்து, கார்பனைக் குறைக்க விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் பட்டது போதும்.

உப்பு உள்ளே வருமிடத்திலேயே அதைத் தடுக்கலாம். கெடாமலிருக்க உப்பிட்டு வந்த தோலை ஊறவைக்கும் முன் நன்றாக உதறியெடுத்தால் தண்ணீரில் கரையும் உப்பு குறையும். ஆவியாக்க வேண்டிய நீரும், அதற்கான எரிபொருளும் குறையும். உதறுவதற்குக் கூலி கொடுக்க யோசிக்கும் முதலாளியை வழிக்குக் கொண்டுவர, ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் உறுப்பினர் கட்டணத்தைக் கழிவுநீரின் அளவோடு அதிலுள்ள உப்பையும் அளந்தே விதிக்க வேண்டும்.