உப்புப் போடாமல் விட்டாலும் வெள்ளரி தண்ணீர் விடும்

அண்ணே, வெள்ளரிக்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விட்டு பிரெட் சொதசொதவென்று ஆகிவிடும், அதனால் வெள்ளரி, க்ரீம் சீஸ் சாண்ட்விச்சுக்கு உப்பே காட்டாதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர், க்ரீம் சீஸிலேயே உப்பு இருக்கிறது, ஆகவே நீங்கள் போடாவிட்டாலும் சாண்ட்விச்சுக்குள் போனதும் காயிலிருந்து தண்ணீர் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீரை முன்னாடியே வெளியேற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். மெல்லிசாகச் சீவி, கொஞ்சம் உப்புத் தூவி, வடிதட்டில் 15, 20 நிமிடம் விட்டுவிட்டு கீழே கிண்ணத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பாருங்கள், உங்களுக்கே புரியும். அப்புறம் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, பிரெட்டில் ஓரம்வரை வெண்ணெய் பூசி (ஈரம் இறங்காமல் தடுப்பது அதுதான்), அதன்மேல் க்ரீம் சீஸ். புதினா, கொத்தமல்லியையும் கழுவின ஈரத்தோடு அதில் கலக்காதீர்கள். காய் பிஞ்சாக இருக்கட்டும், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தருவார்களே, அந்த மாதிரி.

இன்னொன்று, காலையில் செய்து சாயங்காலம் வரை வெளியே வைக்கலாம் என்றீர்களே, நம்ம மதுரை வெயிலுக்கா? 32 டிகிரியைத் தாண்டினால் க்ரீம் சீஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.