"டாக்டரைப் பிடித்துவிட்டாள்" என்று சொல்லாதீர்கள்

என் தோழிக்குச் சென்ற வைகாசியில் திருமணம் நடந்தது. அவளும் என்னைப் போலச் செவிலியர். மணந்துகொண்டவர் மருத்துவர்; மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அன்றிலிருந்து "கெட்டிக்காரி, டாக்டரையே பிடித்துவிட்டாள்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதே வாய்தான் "பாவம், இரண்டாம் தாரமாகப் போய்விட்டாள்" என்றும் சொல்கிறது. இரண்டுமே எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பண்டிகை நாட்களுக்கு எங்களிடையே ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. தீபாவளிக்குக் கிறிஸ்தவப் பெண்கள் டூட்டி பார்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பார்ப்போம். அவள் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளி இரவு அவளுக்கு வந்தது. எனக்கும் அன்று விடுப்புக் கிடைக்கவில்லை.

தீக்காயப் பிரிவில் தீபாவளி இரவு எப்படியிருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அன்று ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். புஸ்வாணம் கையிலேயே வெடித்திருந்தது. வீட்டில் பதறிப்போய் உள்ளங்கை முழுக்கப் பேனா மையை ஊற்றியிருந்தார்கள். (தயவுசெய்து மையோ பற்பசையோ தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு அழைத்து வாருங்கள்.) மை போனால்தான் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முடியும். அவள் சலைனில் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தாள். பையன் அலறும்போது நிறுத்துவாள், அடங்கியதும் தொடருவாள். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். இப்போது அவளை மணந்திருக்கும் மருத்துவர்தான் அன்று உடனிருந்தார். அவர் விளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்லை சிஸ்டர், அவன் தாங்கும் அளவுக்குச் செய்யுங்கள்" என்றார். பதினெட்டு ஆண்டு சர்வீஸில் செவிலியரின் வேகத்துக்காகக் காத்து நின்ற மருத்துவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

அன்று வீட்டில் அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் குழந்தையையும் அழைத்து வந்திருந்தார். டூட்டி அறையில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். விடியற்காலையில் எழுந்து, பின்னல் இழுக்கிறது, தலை வலிக்கிறது என்று அழுதது. பார்த்தால் ரிப்பனில் காயத்துக்குத் தையல் போடும் முடிச்சு! அவருக்குத் தெரிந்த முடிச்சு அதுதானே. என் நகத்துக்கும் அவிழவில்லை. என் தோழி பேண்டேஜ் கத்தரியால் ரிப்பனை வெட்டிவிட்டு, பின்னலை மெல்லப் பிரித்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் ஒரு நாடா கிழித்துத் தளர்வாகக் கட்டினாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

காதல் அன்றே வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே வார்டில் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை. வேறு பிரிவுக்கு மாறிப்போன பிறகுதான் கேட்டார். அவர் மேல் எனக்கு மதிப்பு வந்தது அதனால்தான். உத்தரவு போடுகிற இடத்தில் இருப்பவர் கேட்டால், "முடியாது" என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே வார்டில் எந்தப் பெண் நிம்மதியாக வேலை செய்ய முடியும்? அப்படிக் கேட்கப்பட்டு, வேலையை விட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி இங்கே யாரும் இவ்வளவு ஆர்வமாகப் பேசியதில்லை.

அவள் உடனே சரி என்றும் சொல்லிவிடவில்லை. எட்டு மாதம் எடுத்துக்கொண்டாள். 2015-இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, அதில் தம்பியைப் படிக்க வைத்தவள் அவள். யாரையும் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டிய நிலை அவளுக்கு இல்லை. மதம் வேறு என்பதால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்தார்கள். முப்பது நாள் இருவர் பெயரும் முகவரியும் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கின. யார் யாரோ படித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போன் செய்தார்கள். அந்த ஒரு மாதமும் ஒரு நாள் தவறாமல் டூட்டிக்கு வந்தாள்.

குழந்தை அவளை இன்னும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறது. அம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்கும்படி உறவினர்கள் நெருக்குகிறார்கள். அவள் மறுத்துவிட்டாள். அந்தக் குழந்தைக்கு அம்மா இருந்தாள், அந்தச் சொல் அவளுடையது என்கிறாள். இந்த மனசைத்தான் நாம் "கெட்டிக்காரி" என்கிறோமா?

இந்தத் தீபாவளிக்கும் அவளுக்கு நைட் டூட்டிதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை பின்னி, காலையில் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வந்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். ரிப்பனில் பூ முடிச்சுப் போட அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.