கவுண்டரில் ஒரு இடம், ஒரே ஒரு பியர்

ஏர்போர்ட் ஸ்போர்ட்ஸ் பார் என்றாலே நம் ஆட்கள் "பகல் கொள்ளை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவுக்குள் தனியாகப் பறக்கும்போது நேரம் கிடைத்தால் நான் போய் உட்காருவது அங்கேதான். மேசை வேண்டாம், கவுண்டரில் ஒரு ஸ்டூல் போதும்.

கேட் பக்கம் இடம் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்தாலும் பக்கத்தில் ஒருத்தர் ஸ்பீக்கரைப் போட்டு ஆபீஸ் மீட்டிங் நடத்திக்கொண்டிருப்பார்.

அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். சுற்றிலும் டிவி, எதிலும் சத்தம் இருக்காது. அடியில் ஓடும் வர்ணனை எழுத்து ஆட்டத்துக்குப் பின்னால் தத்தித் தத்தி வரும். டச்டவுன் (நம் கோல் மாதிரி) விழுந்து, ஆட்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் எழுத்தில் பந்தை எறிவார்கள். பரம எதிரி அணிகளான ஈகிள்ஸின் ஜெர்சிக்காரரும் கௌபாய்ஸின் தொப்பிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் விதிகள் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. கேட்டால் போதும், நாப்கினில் படம் போட்டே விளக்குவார்கள். கிரிக்கெட் வைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள், பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை பரிமாறுபவர் பேச்சைக் கேட்பது நல்லது. அனுபவசாலிகள் மெனுவைக் கொடுக்கும் முன்பே "போர்டிங் எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்பார்கள். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் சிக்கன் விங்ஸ் வேண்டாம், கசடியா (சீஸ் வைத்து மடித்த மெக்சிகன் ரொட்டி) சீக்கிரம் வந்துவிடும் என்பார்கள். பில்லையும் கையோடு வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு டிப்ஸ் கொடுக்கக் கணக்குப் பார்க்காதீர்கள்.

விலைக்கு வருகிறேன். 2021-ல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் ஒரு பியருக்கு ஏறக்குறைய 28 டாலர் போட்டிருந்த மெனு படம் ட்விட்டரில் சுற்றியது. அங்குள்ள விமான நிலையங்களை நிர்வகிக்கும் போர்ட் அத்தாரிட்டி விசாரித்து, சிலரிடம் அநியாய விலை வாங்கியது உண்மைதான் என்று 2022-ல் ஒத்துக்கொண்டது. வெளியே விற்கும் விலைக்கு மேல் 10 சதவீதம் வரைதான் கூட்டலாம் என்பது அப்போது அங்கே விதி. எல்லா ஊரிலும் இப்படி ஒரு கடிவாளம் வேண்டும் என்பேன். (அந்த "வெளியே" நியூயார்க் என்பதால் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.)

விலை குறைந்தாலும் இரண்டாவது பியர் எனக்கு வேண்டாம். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதுபோலத்தான் இருக்கும். குடித்துவிட்டு அந்த அழுத்தத்தில் தூங்கினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது என்று 2024-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதித்தே காட்டினார்கள். போதாததற்கு, போதை வெளியே தெரிந்தால் விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம்.

அதே 2024-ல் ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமான கம்பெனியான ரயன்ஏரின் தலைமை நிர்வாகி மைக்கேல் ஓ'லியரி, ஏர்போர்ட் பார்களில் ஆளுக்கு இரண்டு பானம்தான் என்று வரம்பு வைக்கச் சொன்னார். வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவருடைய விமானத்துக்குள்ளேயும் டிராலியில் பியர் விற்கிறார்களே, அந்தக் கணக்கு எதில் சேரும்? மூன்று மணி நேரம் தாமதம் என்று அறிவித்துவிட்டு ஆட்களை டெர்மினலிலேயே உட்காரவைப்பதும் விமான கம்பெனிகள்தானே, பார்காரனை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?