தண்ணீர் போகிற வழியை மூடிவிட்டு ஆச்சியைக் குற்றம் சொல்லாதீர்கள்

"தாழ்ந்த காணியில வீடு கட்டினது ஆற்ற பிழை?" கிளிநொச்சியில் கடைத்தொகுதிக்குப் பின்னால், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த ஆச்சியின் வீடியோவுக்குக் கீழே இப்படி எழுதிய தம்பிக்கும், அதற்கு விருப்பம் போட்டவர்களுக்கும், சிரிப்புப் பொம்மை போட்டவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குத் தெரியும். சிலர் என்னிடம் படித்தவர்கள்.

வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனால் நடுவில் ஆச்சி கையை நீட்டி, "இதுவழியாத்தானே தம்பி தண்ணி போவும், இத மூடிட்டாங்க" என்று ஒரு பக்கம் காட்டுகிறாரே, அதை யாராவது காதுகொடுத்துக் கேட்டீர்களா? அவர் காட்டிய இடத்தில் மழைத்தண்ணீர் வடிகிற கழிவு வாய்க்கால் இருந்தது. இப்போது அங்கே கிறவல் மண் கொட்டி நாலடி உயர்த்திய தரையும், அதற்கு மேல் கண்ணாடி போட்ட கடைத்தொகுதியும் இருக்கின்றன. ஆச்சியின் வீடு தாழவில்லை. அது கட்டிய அன்று எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் இருக்கிறது. சுற்றியுள்ளவர்கள்தான் உயர்ந்துகொண்டு போகிறார்கள்.

நகரம் வளரட்டும். தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு வளரட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், இதற்குத்தான் நேற்று முழுவதும் என்னை "அபிவிருத்தியின் எதிரி" என்று எழுதினீர்கள்.

கிளிநொச்சி எப்படிப்பட்ட ஊர் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே கிடக்கிற ஊர் இது. தெற்கிலிருந்து கனகராயன் ஆறு குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வயலுக்குப் போகின்றன. வயலில் மிஞ்சுகிற தண்ணீரும் மாரி மழையும் சேர்ந்து வடிந்து வடக்கே கடல்நீரேரிப் பக்கம் போக வேண்டும். நகரத்துக்குள்ளேயே கிளிநொச்சிக் குளம் இருக்கிறது. 1930களில் காட்டை வெட்டிக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது, தண்ணீர் வருவதற்கு ஒரு வாய்க்கால் வைத்தார்கள், வடிவதற்கும் ஒரு வாய்க்கால் வைத்தார்கள். வருகிற வாய்க்காலை எல்லோரும் காவல் காப்பார்கள், ஏனென்றால் அதில் நெல் இருக்கிறது. வடிகிற வாய்க்காலுக்குத்தான் யாரும் இல்லை. சித்திரை வைகாசியில் காணி பார்க்க வருகிறவருக்கு அது வாய்க்கால் என்றே தெரியாது. புல் மூடி, நாலு பிளாஸ்ரிக் போத்தல் கிடந்து, ஏதோ பள்ளம் போல இருக்கும். தரகர் அதையும் சேர்த்துத்தான் அளந்து காட்டுவார். இரண்டு ரிப்பர் லொறி கிறவல் கொட்டினால் சரி, காணி முன்பக்கம் நேராகிவிடும், ஊருக்கு நடுவே போகிற ஏ9 பெருவீதியில் இன்னும் ஒரு கடை கூடுதலாக எடுக்கலாம். மழை வருகிற மாதத்தில்தான் அது வாய்க்காலாக இருந்தது என்று தெரியவரும், அதுவும் பின்னால் இருக்கிறவர்களுக்கு மட்டும்.

"2018இலும் வெள்ளம் வந்ததுதானே, அப்போது இந்தக் கட்டடம் இருந்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான் கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் தண்ணீரில் நின்றன. அது பெருவெள்ளம், அதில் எல்லோரும் நனைந்தோம், ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடினோம். இந்தமுறை குளம் நிரம்பி வான் பாயவில்லை. சாதாரண கார்த்திகை மழை. ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது, கடைகள் திறந்திருந்தன, கடைகளுக்குப் பின்னால் மட்டும் முழங்கால் தண்ணீர். இரண்டையும் ஒன்றாக்கிக் கதைக்காதீர்கள்.

அடுத்தது, "அனுமதி எடுத்துத்தான் கட்டினார்கள்". இருக்கலாம். கட்டடத்துக்கு அனுமதி எடுத்திருப்பார்கள். வாய்க்காலை மூட யார் அனுமதி கொடுப்பது? வயல் காணியை நிரப்புவதற்கே 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி தனியாக அனுமதி வேண்டும். வடிகிற வாய்க்கால் ஒருவருடைய காணி உறுதிக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், நான் கேட்டுப் போன அலுவலகத்தில் இன்னொரு மேசையைக் காட்டினார்கள், அந்த மேசையில் இருந்தவர் வேறொரு திணைக்களத்தைக் காட்டினார். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

நான் அபிவிருத்தியின் எதிரியா? போர் முடிந்து 2010இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த நகரம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு மறந்துபோய்விட்டதா? கூரை இருந்த கட்டடத்தை விரலில் எண்ணலாம். தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்தது, தெற்கிலிருந்து வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள், நாங்கள் தறப்பாளுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 2013 செப்டெம்பரில் ரயில் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்த அன்று நான் நிலையத்தில் நின்று அழுதேன். முதல் கடைத்தொகுதி எழும்பியபோது சந்தோஷப்பட்டேன், என்னிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கு அந்தக் கடைகளில் காசாளராக வேலை செய்கிறார்கள், சம்பளத்தில் தங்கச்சிமாரைப் படிப்பிக்கிறார்கள். மாடிக் கட்டடத்தைப் பார்த்து எனக்கு ஏன் வயிறு எரிய வேண்டும்? மாடி கட்டட்டும், மூன்று மாடி அல்ல, ஐந்து மாடி கட்டட்டும். ஒரு மதகு வைத்துவிட்டுக் கட்டச் சொல்கிறேன். இரண்டடிக் குழாய் ஒன்று போட்டுவிட்டு அதற்கு மேலே கிறவலைக் கொட்டச் சொல்கிறேன். அந்தக் கட்டடத்தின் முன் கண்ணாடிக்கு ஆன செலவோடு பார்த்தால் அது ஒரு செலவா?

2016இல் சந்தை எரிந்த இரவை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எங்களுக்கு என்று ஒரு தீயணைப்பு வண்டி இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் கடைகள் எரிந்து முடிந்தன. கடன் எடுத்துக் கடை போட்ட வியாபாரிகள் அடுத்தநாள் காலை சாம்பலுக்குள் நின்று அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கு எல்லோரும் சொன்னோம், கடை மட்டும் கட்டினால் நகரம் ஆகாது என்று. இன்றைக்கு அதே வாயால் ஆச்சியைக் கேட்கிறீர்கள்.

சரி, இப்போது வெளிநாட்டில் இருந்து எழுதியவர்களுக்கு. "குளிருக்குள்ள நிண்டு உழைச்ச காசு, ஊருக்குத்தானே போடுறம், அதையும் பிழை எண்டால் என்ன செய்யிறது" என்று ஒருவர் நீண்ட பதிவு எழுதியிருந்தார். அந்தப் பதிவை நான் பலமுறை வாசித்தேன். அவருடைய கவலை உண்மையான கவலை. என் கூடப்பிறந்தவனும் வெளிநாட்டில்தான் இரண்டு வேலை செய்கிறான், அவன் அனுப்பிய காசில்தான் எங்கள் வீட்டுக்குக் கூரை ஓடு போட்டோம். ஊருக்குக் காசு போடாதீர்கள் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அண்ணை, நீங்கள் படத்தில் பார்ப்பது கட்டடத்தின் முன்பக்கம். உங்களுக்குக் காணி காட்டியவர் பின்பக்கத்தை உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார். ஒருமுறை மார்கழியில் வாருங்கள். ஆடியில் திருவிழாவுக்கு வந்துவிட்டு, "எங்கட ஊர் என்ன மாதிரி வந்திட்டுது" என்று படம் போட்டுவிட்டுப் போகிறீர்கள், அந்த மாதத்தில் இங்கே எல்லா நிலமும் காய்ந்துதான் இருக்கும்.

இன்னும் ஒன்று. அந்தக் கிறவல் எங்கிருந்து வருகிறது? வன்னிக் காட்டுக்குள்ளே இருந்துதான். மணல் எங்கிருந்து வருகிறது? எங்கள் ஆற்றுப் படுகைகளிலிருந்துதான். இரவு பத்து மணிக்குப் பிறகு ரிப்பர்கள் ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் வீதியோரத்தில் இருக்கிறவர்கள் தூங்குகிறார்கள். அங்கே பள்ளமாக்கி, இங்கே மேடாக்கி, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவனுடைய வீட்டுக்குள் தண்ணீரை விடுகிறோம். வன்னி முழுவதும் குளத்தை நம்பியிருக்கிற மண், இங்கே ஒரு கை மண்ணை அள்ளினாலும் கொட்டினாலும் தண்ணீர் தன் பாதையை மாற்றும். இது படிக்காத கமக்காரனுக்கும் தெரியும். கட்டட வரைபடம் கீறுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

"ஏன் அவையள் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டேல்லை?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் கை நடுங்குகிறது. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம் ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக. சீமெந்து விலையும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே போன காலம். தோட்டை அடைவு வைத்து, வட்டிக்கு எடுத்துத்தான் எங்கள் சனம் கூரைக்கு வந்தது. அத்திவாரத்தில் இன்னொரு வரிக் கல் வைப்பதற்கு யாரிடம் காசு இருந்தது? அதோடு அப்போது அந்த இடத்தில் தண்ணீர் நிற்கவில்லையே. வாய்க்கால் திறந்திருந்தது. நிற்காத தண்ணீருக்குப் பயந்து யார் வீட்டை உயர்த்துவார்கள்?

இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் கருத்துகளில் ஒருவர், "எங்கேயோ இருந்து வந்து குந்தினதுகள்" என்று எழுதியிருந்தார். ஆச்சி பேசிய தமிழைக் கேட்டுவிட்டு எழுதியது அது. அதற்கு இருபத்தைந்து பேருக்கு மேல் விருப்பம் போட்டிருக்கிறார்கள், ஒருவர்கூட "அப்படிச் சொல்லாதே" என்று எழுதவில்லை.

என் அம்மாவும் அப்படிப் பேசுகிறவர்தான். மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து 1977 இனக்கலவரத்தில் அடி வாங்கி, இரண்டு சட்டிபானையோடு லொறியில் வந்து இந்த மண்ணில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம், எங்கே போனாலும் கடைசியில் நின்ற சனம். நாங்கள் வந்தபோது வாய்க்காலுக்குப் பக்கத்து நல்ல காணியெல்லாம் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் கிடந்தது மேட்டுக் காடும், தண்ணீர் வடிந்து போகிற பள்ளமும். அங்கேதான் கொட்டில் போட்டோம். அம்மாவும் அவரைப் போன்றவர்களும் இந்த ஊரின் வயல்களில் களை பிடுங்கினார்கள், அருவி வெட்டினார்கள், சூடு அடித்தார்கள். எந்த வாய்க்கால் எங்கே திரும்பும், எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு இன்றைக்குக் காணி விற்கிற எவருக்கும் தெரியாது. பிறகு போரில் 96இலும் 2008இலும் எல்லோரோடும் சேர்ந்துதான் ஓடினோம். பங்கருக்குள் எல்லோரோடும்தான் கிடந்தோம். செட்டிகுளத்து முகாமில் ஒரே வரிசையில்தான் தண்ணீருக்கு நின்றோம், அப்போது யாரும் எங்களைப் பார்த்து நீங்கள் எங்கே இருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஏ9 வீதியில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேள்வி வருகிறது.

அந்த ஆச்சி இந்த ஊரை விட்டுப் போகப்போவதில்லை. நாங்களும் போகப்போவதில்லை. நகரத்தைப் பெருப்பிக்கிறவர்கள் எங்களைக் கணக்கில் எடுத்துத்தான் பெருப்பிக்க வேண்டும்.

"பதிவு போட்டு என்ன பயன், நேரில் போய்க் கேளுங்கோ" என்றும் சிலர் எழுதினீர்கள். அதற்குத்தான் போகிறோம். பின்பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கையெழுத்து வைத்த கடிதம் தயாராக இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை கொண்டுபோய் அதிகாரிகளிடம் கொடுக்கப் போகிறோம். வெறும் வாயால் சொன்னால் அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அதனால் இதை வாசிக்கிறவர்களில் யாருடைய அப்பாவோ அப்பப்பாவோ கமக்காரர் அமைப்பில் இருந்திருந்தால், நீர்ப்பாசனத்தில் வேலை செய்திருந்தால், வீட்டுப் பெட்டியில் பழைய வாய்க்கால் வரைபடமோ நில அளவைப் படமோ கிடக்கிறதா என்று பாருங்கள். போரில் முக்கால்வாசி போய்விட்டது என்று தெரியும், ஆனாலும் சிலர் உறுதிகளோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி எல்லா இடம்பெயர்விலும் தூக்கிக்கொண்டு போனார்கள். இருந்தால் படம் எடுத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள், ஞாயிறு இரவுக்குள் வேண்டும். மழை படத்தாளைப் பழுதாக்கியிருந்தாலும் பரவாயில்லை, கோடு தெரிந்தால் போதும்.