மூன்று மாத்திரைக்கும் இறங்காத பிரஷர்
அண்ணே, ‘மூன்று மாத்திரைக்கும் பிரஷர் இறங்காவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை, நாலாவது சேர்க்கணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது அவசரப்பட்ட முடிவு. நீர் பிரியவைக்கும் மாத்திரை உட்பட மூன்றும் போதிய அளவில் தினமும் உள்ளே போகிறதா என்று முதலில் பார்க்கணும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கு பஸ் ஏறுகிறவர், வழியில் ஒன்றுக்கு வந்துவிடுமே என்று அந்த மாத்திரையைத்தான் விடுவார், டாக்டரிடம் ‘எல்லாம் போடுறேன் சார்’ என்பார் (திட்டுவாரோ என்ற பயம்தான்). அட்டையில் மிச்சத்தை எண்ணலாம், ஆனால் எண்ணிக்கையும் ஏமாற்றும். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, எல்லா ஊரிலும் கிடைக்காது. நர்ஸ் எதிரில் விழுங்கவைத்து பிரஷரை அளப்பதும் உண்டு. விட்டிருந்தவருக்கு மொத்தமாகக் கொடுத்தால் பிரஷர் சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் இதை வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.